காருக்கு நல்ல தண்ணி

ஒரு காரின் முன்மூடியை, அந்தப் பொனற்றைத் திறந்து வைத்துவிட்டால் குருநகரில் ஆம்பிளைகளுக்குப் பஞ்சமே இல்லை. கடலுக்குப் போய்வந்து நித்திரை கொள்ள வேண்டியவன், கிழிந்த வலை பொத்த வேண்டியவன், வீட்டுக்கு விறகு கொத்திக் கொடுக்க வேண்டியவன் எல்லாரும் வேலியைத் தாண்டி வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்பார்கள். ஒருவன் குனிந்து பார்ப்பான். அவன் குனிந்த இடத்தையே மற்றவனும் குனிந்து பார்ப்பான். பிறகு ஆளுக்கொரு தடவை காறித் துப்புவார்கள். அடுத்த நாள் காலையில் அந்தத் துப்பலைக் கூட்டுகிறவள் கத்தரீனா.

ஒரு றாத்தல் பாணுக்கு விடியப்புறம் கடை வாசலில் வரிசையில் நின்ற காலம் அது. வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் வராது. காருக்கு ஒரு சின்ன வளையம் வேண்டுமென்றாலும் எவனுடைய செத்த காரிலிருந்தோ கழற்றத்தான் வேண்டும். அப்படிப்பட்ட நேரம் பார்த்து அவள் புருஷன் சிமியோன் வள்ளத்தில் தனக்கிருந்த பங்கை விற்று ஒரு பழைய ஏ-40 காரை வாங்கினான். கடலில் கிடந்து சாக ஏலாது, வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு பட்டணத்தில் ஆளேற்றி ஹயர் ஓடப்போகிறேன் என்றான். பெண்சாதியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கார் வந்து நின்றபோது அவள் முற்றத்தில் சூடைக் கருவாடு காயப்போட்டிருந்தாள்.

"உதை அள்ளு. கார் நிக்க இடம் வேணும்" என்றான்.

அள்ளினாள். அன்றோடு அந்த முற்றம் கெட்டது. வெள்ளை மணல் கறுத்துப்போனது. கோழி கிளறினாலும் எண்ணெய்ப் பிசுக்குத்தான் மேலே வந்தது. கருவாட்டு நாற்றத்தை அவள் நாற்றமென்றே நினைத்ததில்லை, அது வயிற்றை நிரப்புகிற வாசம். இந்தக் காரின் நாற்றம் ஒன்றுக்கும் உதவாத நாற்றம்.

கொஞ்ச நாளாகக் காருக்கு ஒரு வருத்தம் பிடித்திருந்தது. காலையில் றேடியேற்றரை வாய்முட்ட நிரப்பி அனுப்பினால் பின்னேரம் பாதித் தண்ணீர் இல்லை. பாதி வழியிலேயே எஞ்சின் கொதித்து ஆவி கிளம்பும். காருக்கடியில் சாக்கை விரித்து வைத்துப் பார்த்தார்கள். சாக்கில் ஒரு சொட்டு ஈரமில்லை. தண்ணீர் எங்கே போகிறதென்று யாருக்கும் தெரியவில்லை. தெரியாத விஷயத்துக்குத்தான் வைத்தியர்கள் அதிகம். முதலில் வந்தவன் பக்கத்து வளவு மடுத்தீன். பிறந்ததிலிருந்து ஒரு சைக்கிள்கூடச் சொந்தமாக வைத்திராதவன்.

"மச்சான், எங்கையோ ஊசித்துவாரம் விழுந்திருக்கு. மஞ்சள் தூளைப் போடு. போய் அடைச்சுக்கொள்ளும்."

"போட்டனான். கேக்கேல்லை" என்றான் சிமியோன்.

"அப்ப முட்டை வெள்ளைக்கரு. சூட்டிலை இறுகிப்போம்."

கோழிக்கு அடைவைக்க எடுத்து வைத்திருந்த முட்டைகள் போயின. பிறகு யாரோ சொல்லிப் புகையிலைத் துண்டு போனது. கடைசியில் மடுத்தீன் இரவெல்லாம் யோசித்தவன்போல வந்து நின்றான்.

"எல்லாத்தையும் விடு மச்சான். ஒடியல் மா. கூழ் எப்பிடித் தடிக்குதெண்டு உனக்குத் தெரியும்தானே. தண்ணி கொதிக்கக் கொதிக்க மா போய் ஓட்டையைப் பிடிக்கும். பிறகு சம்மட்டியாலை அடிச்சாலும் கழலாது."

சிமியோனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. குசினிப் பக்கம் எட்டிப்பாராதவன் நேரே வந்து, பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த அந்த மா இருந்த தகரப் பேணியைத் திறந்தான்.

"அது வெள்ளிக்கிழமைக் கூழுக்கு வைச்சிருக்கிறன்" என்றாள் கத்தரீனா.

"ரண்டு சிரட்டைதான்."

"சாப்பிடுற சாமானல்லோ."

"கார் ஓடினால்தான் சாப்பாடு."

அந்த வெள்ளிக்கிழமை வீட்டில் கூழ் இல்லை. அது காருக்குள் இருந்தது. இரண்டாம் நாளே பொனற் திறக்கும்போதெல்லாம் புளித்த கூழ் நாற்றம் அடிக்கத் தொடங்கியது. ஆனாலும் தண்ணீர் குறைவது நிற்கவில்லை.

கத்தரீனா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் எப்படிப் போகிறதென்று அவளுக்கும் தெரியாது. ஆனால் அது என்ன தண்ணீர் என்று அவளுக்குத் தெரியும்.

குருநகரில் தண்ணீர் இரண்டு சாதி. வீட்டுக் கிணற்றில் இருப்பது உப்புத் தண்ணி. குளிக்கலாம், பாத்திரம் கழுவலாம், வாயில் வைத்தால் நாக்குத் தடிக்கும். சோளகக் காற்று வீசுகிற மாதங்களில் இன்னும் மோசம். குடிக்கிறதென்றால் கோயில் மூலைக் குழாயில் பிடிக்க வேண்டும். அது விடியமுன் வரும், வெயில் ஏறமுன் நின்றுவிடும். இடையில் கிடைக்கிற நேரத்துக்குள் குடம் வரிசையில் நகர வேண்டும். யாராவது குடத்தைத் தள்ளி வைத்தால் கொண்டையைப் பிடித்து இழுபடுவார்கள். வயிற்றில் பிள்ளையோடு நின்றவளும் அங்கே அடிபட்டதைக் கத்தரீனா கண்டிருக்கிறாள். அவளால் கொண்டுவர முடிந்தது இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம்.

இந்த வருத்தத்துக்கெல்லாம் முந்தி, கார் வந்த புதிதிலேயே அந்த இரண்டு குடத்துக்கும் காரே முதல் ஆள். ஒரு குடம் றேடியேற்றருக்கும் டிக்கியில் வைத்துக்கொண்டு போகிற கலனுக்கும். மற்றது காரைத் துடைக்க, உப்புத் தண்ணி பட்டால் மினுக்கம் போய்விடுமாம். குடத்தின் அடியில் மிஞ்சியதில் கிணற்றுத் தண்ணீரைக் கலந்து பிள்ளைகள் இரண்டும் குடித்தன. இளையவள் இராசாத்திக்கு வயிற்றால் போகத் தொடங்கியது. நாலாம் நாள் கண் உள்ளே போய், தோளில் போட்டால் துணிபோலக் கிடந்தாள். பிள்ளைக்கு என்ன தண்ணீர் கொடுக்கிறாய் என்று டிஸ்பென்சரி டொக்டர் அவளைத்தான் ஏசினார். வீட்டுக்கு வந்து சொன்னாள். சிமியோன் காரின் முன்விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அப்ப இன்னொருக்காப் போய் அள்ளிக்கொண்டு வா. காருக்கு உப்புத் தண்ணி ஊத்தேலாது, தெரியும்தானே. இரும்பைத் தின்னும்" என்றான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிள்ளையின் குடலை என்ன செய்யும் என்று அவன் சொல்லவில்லை.

அடுத்த நாள் காலையில் அவள் வாளியைக் கிணற்றில் விட்டு இழுத்து, அதையே காருக்கு ஊற்றினாள், கலனிலும் அதையே நிரப்பினாள். காருக்குத் தண்ணீர் வைக்கிறது அவளுடைய வேலை என்பதால் சிமியோன் ஒருநாளும் விரலை விட்டுப் பார்த்ததில்லை. இராசாத்தி தேறினாள். ஒரு நத்தார்ப் பண்டிகை வந்து போனது, அவள் கிணற்றுத் தண்ணீரை நிறுத்தவில்லை. அவள் ஊற்றுவதைக் கண்டவன் ஒருவன்தான், அவளுடைய தம்பி நீக்கிலாப்பிள்ளை. முகம் கழுவக் கிணற்றடிக்கு வந்தவன் வாளியையும் காரையும் பார்த்தான். பிறகு ஒன்றும் காணாதவன்போல முகத்தைக் கழுவிக்கொண்டு போனான்.

நீக்கிலாப்பிள்ளை கடலில் கயிறு இழுத்து வலது பெருவிரலை இழந்தவன். அதன் பிறகு அக்கா வீட்டுப் பின் கொட்டிலில் இருந்துகொண்டு பின்னேரங்களில் காரை ஓட்டினான். ட்ரைவர் என்ற பெயருக்காகத்தான், குழாயடி வரிசையில் கத்தரீனாவோடு நிற்கிற லூர்த்தம்மா தன் மகளை அவனுக்குக் கொடுக்கச் சம்மதித்திருந்தாள். விரலில்லாத மீன்பிடிகாரனுக்கு அந்தக் கரையில் யார் பெண் கொடுப்பார்கள்.

சனிக்கிழமை அவன் உரும்பிராய்க்கு ஒரு ஹயர் கொண்டுபோனான். வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே செம்மண் ரோட்டில் கார் கொதித்து நின்றது. மூடியைத் திறந்தவனின் முன்கையில் கொதிநீர் பாய்ந்தது. காரில் வந்த சனம் இறங்கி வெயிலில் நடந்தது. காரை உழவு மெசினில் கட்டி இழுத்து வந்தார்கள். பார்த்துச் சிரிக்க ரோட்டுக்கரை முழுக்க ஆட்கள். சிமியோன் நீக்கிலாப்பிள்ளையின் வெந்த கையைப் பார்க்கவில்லை, காரைத்தான் பார்த்தான்.

"தண்ணி பாக்காமல் ஓட்டியிருக்கிறாய். நாளைக்கு மெக்கானிக் தியாகலிங்கம் வாறார். உன்னிலை பிழையெண்டு அவர் சொன்னால் உன்ரை பெட்டியைக் கட்டு. லூர்த்தம்மாட்டையும் நானே போய்ச் சொல்லுவன், ஒரு காரைக்கூடப் பாக்கத் தெரியாதவன் உன்ரை மகளை எப்பிடிப் பாப்பானெண்டு."

கத்தரீனா தம்பியின் கைக்குத் தேங்காயெண்ணெய் பூசினாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போதே முற்றம் நிறைந்திருந்தது. சுன்னாகத்திலிருந்து மெக்கானிக் தியாகலிங்கம் சைக்கிளில் சாமான் பையோடு வந்தார். நெற்றியில் விபூதி வேர்வையில் கரைந்திருந்தது.

"தேத்தண்ணி போடட்டே ஐயா?" என்று கேட்டாள் கத்தரீனா.

"ஒண்டும் வேண்டாம் பிள்ளை. சிமியோன், சோடா ஒண்டு எடுப்பியும்."

மூடி உடைக்காத சோடா. அவர் அந்த வீட்டுக்கு வந்து காரைத் திருத்துவது இது முதல் தடவையல்ல. ஒரு தடவையும் அந்த வீட்டுத் தண்ணீரை வாயில் வைத்ததில்லை. ஏனென்று அவர் சொல்லமாட்டார், இவர்களும் கேட்கமாட்டார்கள். சிமியோன் ஆளனுப்பிச் சோடா எடுப்பிக்கிறபோது முகத்தில் ஒரு இளிப்பு வரும். அந்த இளிப்பைக் கண்டால் கத்தரீனா குசினிப் பக்கம் போய்விடுவாள்.

அவள் குசினி ஓரத்தில் திருக்கை மீனை வெட்டிக்கொண்டு காதைக் கொடுத்திருந்தாள்.

தியாகலிங்கம் முதலில் எண்ணெய்க் கம்பியை இழுத்துத் துணியில் துடைத்துப் பார்த்தார். "எண்ணெய்க்குள்ளை தண்ணி போனால் தேங்காய்ப்பால் மாதிரி வெளுத்திருக்கும். இது கறுப்பு. நல்லது."

"அப்ப ஹெட் காஸ்கற் போகேல்லை?" என்று சிமியோன் கேட்டான்.

"பொறும். ஸ்ரார்ட் பண்ணும்."

எஞ்சின் இருமிக்கொண்டு எழும்பியது. அவர் றேடியேற்றர் வாயைத் திறந்து வைத்துக் குனிந்தார். "காஸ்கற் போயிருந்தால் இதுக்குள்ளாலை காத்துக் குமிழி குமிழியா வரும். வரேல்லை. பின்னாலை புகையும் வெள்ளையில்லை." திடீரென்று முகத்தைத் திருப்பினார். "இதென்ன நாத்தம்?"

றேடியேற்றர் வாயில் மண்ணிறமாக ஏதோ ஒன்று மிதந்து வந்து நின்றது. இவ்வளவு நேரமும் எஞ்சினைப் பார்த்தவர்கள் வானத்தைப் பார்த்தார்கள்.

"கொஞ்சம் ஒடியல் மா" என்றான் மடுத்தீன் மெதுவாக.

எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, அடிக் குழாயைக் கழற்றினார். முதலில் ஒன்றும் வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தினார். பிறகு வந்தது. துருவும் மஞ்சளும் சேர்ந்த ஒரு கொழகொழப்பு, கட்டி கட்டியாகக் கழன்று மணலில் விழுந்தது. அவிந்த முட்டையின் வெள்ளைத் துண்டுகளும் புகையிலை நரம்பும் அதற்குள் கிடந்தன. நாற்றம் குசினிவரை வந்தது. வாயால் சத்தி எடுத்ததை மூடிவைத்துப் பிறகு திறந்தால் அப்படித்தான் இருக்கும். கோழி ஒன்று ஓடிவந்து கொத்திப் பார்த்துவிட்டு விலகிப் போனது.

"மனிசர் தின்னுற சாமான் எல்லாம் கிடக்கு. கூழுக்கு ஒரு நண்டுதான் குறை" என்றார் தியாகலிங்கம். "கொதிக்கிறதுக்குக் காரணம் இது. தண்ணி ஓட வழியில்லை. ஆனால் தண்ணி குறையிறது இதுக்கு முந்தியே துவங்கினதெல்லே? அது வேறை."

முகம் பார்க்கிற கண்ணாடியைக் கேட்டு வாங்கி எஞ்சினின் பக்கத்து இடுக்குக்குள் பிடித்தார். ரோச் லைற் அடித்தார். கை போகாத அந்த இடுக்கில், எஞ்சின் கட்டையின் ஒரு துளையை மூடி அடித்து வைத்த வட்டத் தகரத்துக்குக் கீழே ஒரு வெள்ளைக் கோடு இறங்கியிருந்தது. உப்பளத்து வரம்பில் பூத்திருப்பதுபோலப் பூத்திருந்தது. நீட்டமான ஆணியால் சுரண்டி எடுத்து விரல்நுனியில் வைத்து, அவர் அதை நாக்கில் தொட்டார்.

"உப்பு."

அவர் ஆணியைத் தகரத்தில் வைத்து அமுக்கினார். அது உள்ளே போய்விட்டது.

"கனகாலமா உப்புத் தண்ணி ஊத்தியிருக்கு. தகரம் முழுக்கத் தின்னுப்பட்டுப் போச்சு. எஞ்சின் ஆறிக்கிடக்கேக்கை சிந்தாது. சூடேறி உள்ளுக்கை அமுக்கம் வந்தால்தான் கசியும். கசியிறதும் அந்தச் சூட்டிலையே காஞ்சுபோம். அதுதான் நீங்கள் விரிச்ச சாக்கு நனையேல்லை. ஆர் ஊத்தினது?"

சிமியோன் யோசிக்கவே இல்லை. நேரே நீக்கிலாப்பிள்ளையிடம் போனான்.

"கடற்கரையிலை நிப்பாட்டிப்போட்டுக் கடல்தண்ணியை அள்ளி ஊத்தினனி. குழாயடிக்குப் போகப் பஞ்சி, சோம்பேறி. என்ன?"

நீக்கிலாப்பிள்ளை எண்ணெய் பூசிய கையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"வாயைத் திறவன். ஊத்தினனியோ இல்லையோ?"

"ஓமெண்டு வையுங்கோவன் அத்தான்."

"வைக்கிறதென்ன வைக்கிறது. கள்ளன். நான் வெள்ளைச் சேட்டுப் போட்டு மனிசனா நடமாட வாங்கின கார். உன்ரை கரைப் புத்தி உன்னை விடுமே. போ, பெட்டியைக் கட்டு."

தானும் அதே கரையில் பிறந்தவன் என்பதை எப்படி மறந்தானோ. சுன்னாகத்து மனிதருக்கு முன்னால் அதைச் சொல்லிவிட்டு அவரைத் திரும்பியும் பார்த்தான், ஒத்துக்கொள்வார் என்பதுபோல. கத்தரீனாவுக்கு அப்போது வந்தது கோபமில்லை, அருவருப்பு. மணலில் கிடந்த அந்தக் கொழகொழப்பைக் கண்டு வராத அருவருப்பு, புருஷனின் அந்தப் பார்வையைக் கண்டு வந்தது.

நீக்கிலாப்பிள்ளை கொட்டிலுக்குப் போகத் திரும்பினான். அவள் கத்தியை வைத்துவிட்டு, மீன் இரத்தம் பட்ட கையோடு முற்றத்துக்கு வந்தாள்.

"தம்பி, நில்லு. அவனில்லை. நான்தான் ஊத்தினது."

"என்ன?" என்றான் சிமியோன்.

"இந்த வளவுக் கிணத்துத் தண்ணி. ஒவ்வொரு நாளும். கலனுக்கும் அதுதான்."

"உப்பு இரும்பைத் தின்னுமெண்டு உனக்குத் தெரியாதே?"

"தெரியும். நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"தெரிஞ்சுகொண்டோ?"

"ஓம். தெரிஞ்சுகொண்டுதான். நான் கொண்டுவாறது ரண்டு குடம். காருக்கு ஊத்தினால் பிள்ளைக்கில்லை, பிள்ளைக்குக் குடுத்தால் காருக்கில்லை. பிள்ளை வயித்தாலை போய் என்ரை தோளிலை துவண்டு கிடக்கேக்கை வந்து சொன்னனான். நீங்கள் லைற் துடைச்சுக்கொண்டு நிண்டனீங்கள். அண்டைக்கு முடிவெடுத்தனான். இரும்பைத் தின்னட்டும். குடலைத் தின்னுறதுக்கு அது பரவாயில்லை."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னதுக்கு என்ன மறுமொழி தந்தனீங்கள்? இன்னொருக்காப் போய் அள்ளெண்டு. நீங்கள் ஒருநாள் குடம் தூக்கினனீங்களோ?"

மடுத்தீன் இடையில் வந்தான். "விடு மச்சான். பொம்பிளையளின்ரை புத்தி."

"நீ கதையாதை மடுத்தீன்" என்றாள் அவள். "காருக்குள்ளை கூழ் காய்ச்சினவன் நீ. கிடக்கு பார், அள்ளிக்கொண்டு போ. வெள்ளிக்கிழமை என்ரை பிள்ளையள் குடிச்சிருக்க வேண்டியது."

தியாகலிங்கம் தொண்டையைச் செருமினார். "பிள்ளை, கோபத்திலை கதைக்கக் கூடாது. வாகனமெண்டது சோறு போடுற சாமான். நீர் செய்தது பிழைதான்."

கத்தரீனா அவரைப் பார்த்தாள்.

"ஐயா, இந்த வீட்டுத் தண்ணி இண்டைக்குத்தான் உங்கடை வாயிலை பட்டிருக்கு. எப்பிடி இருந்தது?"

அவர் தன் விரலைப் பார்த்தார். பிறகு தோள் துவாயால் வாயைத் துடைத்தார். இன்னொரு தடவை அழுத்தித் துடைத்துவிட்டுக் காரின் பக்கம் குனிந்துகொண்டார். வேலிக்கரையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக வேலை ஞாபகம் வந்து போனார்கள். சிமியோன் கையை ஓங்கவுமில்லை, ஏசவுமில்லை. அவனுக்கு ஏச ஏதாவது அகப்பட்டிருந்தால் ஏசியிருப்பான்.

நீக்கிலாப்பிள்ளை பெட்டி கட்டவில்லை. தமக்கை விட்ட இடத்தில் குந்தியிருந்து, ஒரு கையாலேயே திருக்கையை வெட்டத் தொடங்கினான்.

பின்னேரத்துக்குள் தியாகலிங்கம் பித்தளைத் தகட்டில் ஒரு மூடி வெட்டி அடித்தார். றேடியேற்றரைக் கழற்றிக் கவிழ்த்துச் சுடுதண்ணீரால் பல தடவை அலசினார். "இனி நல்ல தண்ணி மட்டும்தான்" என்று சிமியோனிடம் சொன்னார். கத்தரீனாவின் பக்கம் திரும்பாமலே சைக்கிளில் ஏறினார். பாதி குடித்த சோடாப் போத்தல் வேலியடியில் நின்றது.

திங்கட்கிழமை விடியப்புறம் கத்தரீனா எழும்பவில்லை. நித்திரை கலைந்தபடியே படுத்துக்கிடந்தாள். சிமியோன் வந்து வாசலில் நின்றான்.

"தண்ணிக்குப் போகேல்லையே?"

"காருக்குத் தண்ணி வேணுமெண்டால் கார்க்காரர் போகலாம்."

பிறகு குடங்கள் இரண்டும் ஒன்றோடொன்று முட்டுகிற சத்தம் கேட்டது. கோயில் மூலையில் பெண்கள் சிரித்தது வீட்டுக்கே கேட்டது. லூர்த்தம்மாவின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே நின்றது. அவன் திரும்பி வந்தபோது கட்டியிருந்த சாரம் முழங்காலுக்குக் கீழே தொப்பலாக நனைந்திருந்தது. நேரே காரடிக்குப் போனான். றேடியேற்றரை நிரப்பினான், கலனை நிரப்பினான். மிச்சத்தால் காரைத் துடைத்தான். செம்மண் தூசி ஒட்டாத இடத்தையும் துடைத்தான். குடங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து குந்தினான்.

"தேத்தண்ணி தா."

அவள் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தாள். வாயில் வைத்தவன் அப்படியே முற்றத்தில் துப்பினான்.

"இதென்ன? உப்புக் கரிக்குது."

"வீட்டிலை வேறை தண்ணி இல்லை."

அவன் கவிழ்ந்து கிடந்த குடங்களைப் பார்த்தான். இராசாத்தி எழும்பி வந்து, வழக்கம்போலத் தகப்பனின் பேணியில் ஒரு வாய் குடிக்கக் கையை நீட்டினாள். அவன் பேணியைப் பறித்துத் தேத்தண்ணீரை மணலில் ஊற்றினான். பிறகு எழும்பி, இரண்டு குடங்களையும் தூக்கிக்கொண்டு படலையைத் திறந்து வெளியே போனான்.

வெயில் கூரைக்கு வந்துவிட்டது. குழாய் எப்போதோ நின்றிருக்கும். எந்த நேரத்தில் நிற்குமென்று அவனுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய தேவை இத்தனை வருஷத்தில் அவனுக்கு வந்ததில்லை. கத்தரீனா கூப்பிட்டுச் சொல்லவில்லை. அரிசிப் பானைக்குப் பின்னால் நேற்று ஒளித்து வைத்த செம்பை எடுத்து, பிள்ளைக்கு நல்ல தண்ணீர் வார்த்துக் கொடுத்தாள்.